மூட்டு மாற்றுக்கு முன்னால் கணுக்காலையும் காட்டணுமா?

வணக்கம்ங்க. கோபி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. மூட்டு தேய்ந்து இரண்டு கால்களும் வெளிப்பக்கம் வளைந்துவிட்டன. தை கழிந்ததும் கோவையில் வலது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஆனால் இப்போது முழங்காலைவிடக் கணுக்கால்தான் அதிகம் வலிக்கிறதாம் (தோட்டத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தமாட்டார்). உள்பாதம் தட்டையாகி, குதிகால் வெளியே சாய்ந்திருக்கிறது. முழங்கால் வளைந்தால் பாதம் தரையில் பதிய, குதிகால் இப்படிச் சாய்ந்து ஈடுகட்டுமாம். மூட்டை நேராக்கினால் சிலருக்கு இது சரியாகும், சிலருக்கு வலி தங்கிவிடும் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

முழங்காலுக்கு மட்டும்தான் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். நின்றபடி கணுக்காலுக்கும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? ஈரோடு, கோவையில் பாதம், கணுக்கால் பார்க்கிற எலும்பு மருத்துவர் தெரிந்தால் சொல்லுங்க. இதே மாதிரி இருந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு அப்புறம் கணுக்கால் எப்படி இருக்கிறது?