அப்பம்மாவின் அப்பம்மாவைப் பெற்ற 'பட்டாளத்தார்' யார்? எங்கே தேடுவது?

ஒட்டுசுட்டான்காரி:

எங்கள் வளவுக்கு ஊரில் இன்றைக்கும் பட்டாளத்தார் வளவு என்றுதான் பெயர். அந்தப் பட்டாளத்தார் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. என் அப்பம்மாவின் அப்பம்மாவைப் பெற்றவர், அது மட்டும் உறுதி.

கையில் இருப்பது ஒரே ஒரு கடதாசி. ஏதோ காணி வழக்குக்காக 1958 இல் யாழ்ப்பாணத்துக் கோவில் ஒன்றில் எடுத்த ஞானஸ்நானச் சான்று. 2009 இல் கடைசிச் சண்டைக்குள் அம்மா இதையும் காணி உறுதியையும் பொலித்தீன் பைக்குள் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மாத்தளன் வரை வந்தார். உறுதி தப்பியது. இதில் மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோனது, பார்த்தால் அந்த இடத்தில்தான் தகப்பன் பெயர் இருந்திருக்கிறது! வாசிக்க முடிவது இவ்வளவுதான்: 1856, பெண்பிள்ளை, தாய் மரியாள், அழிந்த பெயருக்குப் பின்னால் 'மிலெஸ்' என்று ஒரு சொல், ஞானத்தகப்பன் ஜாக்கோபுஸ், அவருக்குப் பின்னாலும் அதே மிலெஸ்.

சித்தப்பா சொல்கிறார், வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரன் படையில் வந்தவராம். மாமா ஒருவர் மலாய்க்காரன் என்கிறார். அப்பம்மா சொன்னது இந்தியாவில் இருந்து வந்தவர் என்று. கச்சேரியில் (மாவட்ட அரசாங்கப் பணிமனை) விசாரித்தேன், அந்த வருடத்துக்குப் பிறப்புப் பதிவே கிடையாது என்றார்கள். எந்தப் படை என்று எப்படிப் பிடிப்பது? இராணுவப் பதிவில் பெண்சாதி பிள்ளைகளின் பெயர் இருக்குமா?

புளியங்குளத்தான்:

சித்தப்பாவின் கதையை முதலில் ஒதுக்கி வையுங்கள் தங்கச்சி. பண்டாரவன்னியன் தோற்றதைச் சொல்லும் கச்சிலைமடுக் கல்லில் இருக்கும் திகதி 1803 ஒக்டோபர் 31. அன்றைக்கு இருபது வயதுப் பொடியன் என்று வைத்தாலும் 1856 இல் எழுபத்துமூன்று. பிள்ளை பெற்றிருக்கலாம், ஆனால் அந்த வயதில் பெயருக்குப் பின்னால் மிலெஸ் என்று போட மாட்டார்கள். மிலெஸ் என்றால் லத்தீனில் படைவீரன். (நம்முடைய பக்கத்தில் எல்லாக் குடும்பத்திலும் வன்னியனோடு நின்றவர் ஒருவர், எதிர்த்து நின்றவர் ஒருவர் இருக்கிறார்கள். அன்றைக்கு வயலில் நின்றவனின் பேரப்பிள்ளையை மட்டும் நான் இன்னும் காணவில்லை.)

கச்சேரி சொன்னது சரி. சிவில் பதிவு 1867 இல்தான் தொடங்கியது, கட்டாயமானது 1897 இல். அதற்கு முன்னால் கோவில் புத்தகத்தை விட்டால் வேறு வழி இல்லை.

1856 இல் இலங்கையில் உள்ளூர்ப் படை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சிலோன் ரைபிள் ரெஜிமெண்ட். 1873 இல் கலைத்தார்கள். அதில் மலாய்க்காரர் நிறைய, மாமா அதைத்தான் எங்கேயோ கேட்டிருப்பார். ஆனால் மலாய்க்காரர் முஸ்லிம்கள், கத்தோலிக்கக் கோவிலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அபூர்வம். அதே ரெஜிமெண்டில் இந்தியச் சிப்பாய்களும் ஆபிரிக்கர்களும் இருந்தார்கள். பீரங்கிப் படையோடு 'கன் லஸ்கர்' என்று பீரங்கி வேலைக்கு உதவும் இன்னொரு கூட்டம். ரோட்டுப் போட்ட பயனியர் ஆட்களையும் ஊர்ச்சனம் பட்டாளம் என்றுதான் சொல்லும். அப்பம்மாவின் பேச்சுத்தான் இருக்கிறதுக்குள் பொருந்துகிறது.

மடுவீதி:

பங்குப் பணிமனையில் பத்து வருடம் இந்தப் புத்தகங்களோடு கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது பிரதி. படிவத்தில் என்ன கட்டம் இருக்கிறதோ அதை மட்டும்தான் எழுதிக் கொடுப்போம். மூலப் புத்தகத்தில் அதற்கு மேல் ஏதாவது இருக்கும், ஓரத்தில், வரிகளுக்கு நடுவில். ஆகவே முதல் வேலை, அந்தக் கோவிலுக்கு வருடத்தையும் தாயின் பெயரையும் போட்டு ஒரு கடிதம். ஞாயிறு பூசை முடிந்து சனம் நெருக்கும் நேரத்தில் போய்ப் 'பழைய புத்தகம் காட்டுங்கோ' என்று கேட்காதீர்கள். எந்தச் சுவாமியும் இல்லை என்றுதான் சொல்வார்.

அடுத்தது பெயர். அந்தக் காலத்தில் புத்தகம் எழுதியவர்கள் பிரெஞ்சு, இத்தாலிச் சுவாமிமார், எழுதியது லத்தீனில். சூசை அதில் ஜோசெப்புஸ், இராயப்பு பெத்ருஸ், சின்னப்பு பவுலுஸ், அருளப்பு ஜொஆன்னெஸ். உங்கள் ஜாக்கோபுஸை ஊரில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அவர் சந்தியோகு.

அந்த சந்தியோகுதான் உங்களுக்குத் திறப்பு. ஊர்க்காரன் என்றால் தமையனையோ மச்சானையோ ஞானத்தகப்பனாக நிறுத்துவான். அந்நிய ஊரில் கிடக்கிற பட்டாளத்தானுக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன்தான். இருவரும் ஒரே கொம்பனியாக (ரெஜிமெண்டுக்குள் ஒரு பிரிவு) இருக்கச் சந்தர்ப்பம் அதிகம். 1856 க்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வருடம் புத்தகத்தைப் புரட்டி, தாய் மரியாள், தகப்பன் மிலெஸ் என்று வருகிற எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்தில், அடுத்தது திருகோணமலையில் என்று வந்தால் படை போன பாதை தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விசயம். 1908 க்குப் பிறகு ஒருவர் கலியாணம் கட்டினால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று திருச்சபை விதி வந்தது. பூட்டிக்கு உதவாது, அவருடைய பேரப்பிள்ளைகளைத் தேட நன்றாக உதவும். 1918 இல் இருந்து ஒவ்வொரு வருடமும் பங்குப் புத்தகங்களின் பிரதியை ஆயர் இல்லத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் விதி, எல்லாச் சுவாமிமாரும் அனுப்பினார்கள் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சண்டையில் புத்தகம் போன பங்குகளுக்கு அங்கேதான் கேட்க வேண்டும். வவுனியாப் பக்கம் 1981 இல் மன்னார் மறைமாவட்டத்தோடு போனது, அதற்கு முன்னால் யாழ்ப்பாணம். முல்லைத்தீவு இன்னும் யாழ்ப்பாணம்தான்.

கியூவுக்குக் கிட்ட:

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரான பதில்: பெரும்பாலும் இருக்காது. பிரிட்டிஷ் படையில் கலியாணத்துக்குக் கட்டளை அதிகாரியின் அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் கட்டினவளைப் படை கணக்கிலேயே எடுக்காது. படைக்கு அவன் ஒரு இலக்கம், ஒரு சம்பளம். பெண்சாதி பிள்ளைகள் பெரும்பாலும் கோவில் புத்தகத்தில்தான் இருப்பார்கள்.

அதற்காக விட்டுவிட வேண்டாம். இங்கே லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 12' என்ற தொடரில் சம்பளப் பட்டியல்கள் இருக்கின்றன, 1878 வரை. சிலோன் ரைபிளும் அதில் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் ஆளாகப் பெயர் எழுதி, யார் வைத்தியசாலையில், யார் வேறு இடத்துக் கடமையில், யார் விலகினார் என்று குறிப்பார்கள். தடித்த புத்தகம், மை மங்கல், இங்கிலீஷ்காரக் கிளாக்கு எழுதிய தமிழ்ப் பெயர்கள்... ஒரே ஆளை மூன்று புத்தகத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறான், நான் வேறொரு குடும்பத்துக்குத் தேடி அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டு வாசித்தால் ஆள் யாரென்று பிடிபடும்.

1856 இன் பட்டியலில் முதலில் சந்தியோகைத் தேடுங்கள். அகப்பட்டால் அவருடைய கொம்பனியில் உள்ளவர்களை மட்டும் எடுத்து, மடுவீதி சொன்ன மற்றப் பிள்ளைகளின் திகதிகளோடு ஒப்பிட வேண்டும். பென்சன் வாங்கி விலகியவர் என்றால் 'டபிள்யூ.ஓ. 97' இல் பிறந்த ஊர், வயது, உயரம், முன்னைய தொழில் வரை கிடைக்கலாம். 'எல்லாம் குண்டில் எரிந்துபோச்சு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 1940 செப்டெம்பரில் எரிந்தது முதலாம் உலகப்போர்க்காரரின் கோப்புகள். அங்கே போட்டோ எடுக்கக் காசு இல்லை. லண்டனில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத வன்னி வீடு உண்டா, ஒரு நாள் லீவு போட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான்காரி:

எல்லாருக்கும் நன்றி. கடிதம் எழுதிவிட்டேன், மச்சாள் லண்டன் குறைடனில் இருக்கிறா, அவவுக்கும் சொல்லியாச்சு.

ஆனால் சந்தியோகு என்று வாசித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். எங்கள் வளவுக்கு இரண்டு வேலி தள்ளி ஒரு பழைய கிணறு இருக்கிறது, சந்தியோகர் கிணற்றடி என்பார்கள். அந்தக் குடும்பத்தோடு நாங்கள் கொண்டு கொடுப்பதில்லை. சாதிச் சண்டையோ காணிச் சண்டையோ இல்லை, நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்கள். கலியாணம் என்று பேச்செடுத்தால் மட்டும் அப்பம்மா 'அது கூடாது, ஞான உறவு' என்று வாயை மூடிவிடுவா. என்ன ஞான உறவென்று நாங்கள் கேட்டதே இல்லை.

மடுவீதி:

ஞானத்தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கலியாணம் கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே தடை இருந்தது, 1983 வரைக்கும். பிள்ளைகளின் பிள்ளைகள் வரை அதை இழுத்தது நம்முடைய சனம். ஆனாலும் அவசரப்படாதீர்கள், ஊருக்குப் பத்துச் சந்தியோகு. அவர்களிடம் பழைய கடதாசி ஏதும் தப்பியிருக்கிறதா என்று கேட்டீர்களா?

ஒட்டுசுட்டான்காரி:

கிணற்றடிப் பெரியம்மா பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறா. தகரப் பெட்டி ஒன்று இருக்காம், திறப்பு இல்லையாம். அண்ணையைச் சுத்தியலோடு கூட்டிக்கொண்டு போகிறேன்.