ட்ரைகிளிசரைடு 1,140: மாத்திரை எடுத்தவர்கள் சொல்லுங்கள்

முதலில் என் கதை. ஆபீஸ் செக்கப்புக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒரு மணி நேரத்தில் லேபிலிருந்து போன். "சார், நிஜமாவே வெறும் வயித்துலதான் வந்தீங்களா?" திரும்பப் போனபோது ட்யூபைக் காட்டினார்கள். அடியில் சிவப்பு, மேலே தெளிவாக நிற்கவேண்டிய சீரம் தண்ணிப்பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. 150க்குள் இருக்கவேண்டிய ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) 1,140. ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கட்டம் காலி. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் எல்டிஎல்லுக்கான வழக்கமான கணக்கு செல்லாதாம்.

டாக்டர் மாரடைப்பைப் பற்றிப் பேசுவார் என்று போனால், "மேல் வயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் வலி வந்திருக்கா?" என்றார். எண் இவ்வளவு ஏறினால் முதல் பயம் கணைய அழற்சிதான். ட்ரைகிளிசரைடைக் குறைக்க ஃபெனோஃபைப்ரேட் 145 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. பீர் அறவே கூடாது. கூடவே சுகர் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி 9.2! அதுவரை எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. அதற்கும் மாத்திரை. ஆறு வாரத்தில் 310. சரி, வேலை முடிந்தது என்று ஃபெனோஃபைப்ரேட்டை நானே நிறுத்தினேன். மூன்று மாதத்தில் 780. (பீரும் கொஞ்சம் திரும்பியிருந்தது, மறைப்பானேன்.) இப்போது மறுபடி மாத்திரை. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற எண்) 1.0இலிருந்து 1.2 ஆனது, இந்த மருந்துக்கு அது சகஜம், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார்.

*

நீங்கள் கேட்டதற்கு என் அம்மா கதை. அவருக்கு இதய டாக்டர் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) கொடுத்திருந்தார். ஊரில் இன்னொரு டாக்டர் ட்ரைகிளிசரைடுக்கு ஜெம்ஃபைப்ரோசில் எழுதினார். இரண்டு வாரத்தில் தொடை வலி, மாடி ஏற முடியவில்லை. வயசாகிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். மெடிக்கல் ஷாப் தம்பிதான் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து, "அக்கா, இது ரெண்டும் சேரக்கூடாது, டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். அன்றைக்கே போய் சிபிகே (தசை சிதைவைக் காட்டும் ரத்த டெஸ்ட்) எடுத்தோம், ரொம்ப அதிகம். தசை சிதைந்தால் அடுத்து சிறுநீரகம்தானாம். இரண்டையும் நிறுத்தியதும் வலி மெல்லக் குறைந்தது. அதிலிருந்து யாரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் ஒரே பையில் எடுத்துப்போகிறோம்.

*

நான் மாத்திரைக்குப் பயந்து மீன் எண்ணெய்க்குப் போனவன். ஆயிரம் மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருந்தது, தினம் ஒன்று போட்டேன். நாலு மாதமாகியும் எண் அசையவில்லை. அப்புறம்தான் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன்: இபிஏ 180, டிஹெச்ஏ 120. இந்த இரண்டும்தான் வேலை செய்கிற ஒமேகா-3, சேர்த்து வெறும் 300. டாக்டர்கள் சீட்டில் எழுதுகிற ஒமேகா-3 அளவோ நாளைக்கு நாலு கிராம். அந்தக் கணக்கில் நான் தினம் பதின்மூன்று விழுங்கியிருக்கவேண்டும். பாட்டிலில் இருந்ததே அறுபதுதான்.