ஒரு கப் அரிசி எத்தனை கிராம்?

கேள்வி:
குறிப்பில் 2 கப் அரிசின்னு இருக்கு. தராசில் நிறுத்துப் போடணும்னா எத்தனை கிராம்?

பதில் 1:
முதல்ல எந்தக் கப்புன்னு பாருங்க. 240 மி.லி. கப்பில் நீள அரிசி சுமார் 185 கிராம், குட்டை ரகம் 200 வரை. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி.தான், அதில் ஏறக்குறைய 150 கிராம் பிடிக்கும். இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா தண்ணீர்க் கணக்கே தப்பி, சாதம் குழையும் இல்லை விறைக்கும்.

பதில் 2:
கப்பைத் தட்டித் தட்டி நிரப்பாதீங்க. மணிகள் நெருங்கி எடை ஏறிடும். தளர்வா கொட்டி, கத்தி முதுகால் வழிச்சுவிடுங்க. உங்க அரிசியையே ஒருதடவை நிறுத்து, எடையை டப்பா மேல எழுதிடுங்க. எந்த அட்டவணையையும்விட அது நம்பகம்.

கேட்டவர்:
ஊறவெச்ச பிறகு நிறுக்கலாமா?

பதில் 1:
கூடாது, அரிசி குடிச்ச தண்ணீரும் எடையில் சேர்ந்துடும். கழுவுறதுக்கு முன்னாடியே நிறுங்க.