மார்பு அறுவை சிகிச்சை: எந்த முறை?

நான் திருநம்பி. மார்பைத் தட்டையாக்கும் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும், ஆனால் எந்த முறை என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

மார்பு நடுத்தர அளவு. பல வருடம் பைண்டர் (மார்பை அழுத்தித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை) போட்டதில் தோல் தளர்ந்திருக்கிறது. இழுத்துவிட்டால் மெதுவாகத்தான் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறேன். புகைப்பழக்கம், சர்க்கரை இரண்டும் இல்லை.

ஒரு மருத்துவர் மார்புக்குக் கீழே இருபுறமும் நீளமாகக் கீறி, முலைக்காம்பைத் தனியாக எடுத்து ஒட்டும் முறையைச் சொல்கிறார். நன்றாகத் தட்டையாகும், ஆனால் தழும்பு நீளம், காம்பில் உணர்ச்சி பெரும்பாலும் குறைந்துவிடும். இன்னொருவர் காம்பைச் சுற்றி மட்டும் வெட்டலாம் என்கிறார். அதில் உணர்ச்சி தங்க வாய்ப்பு அதிகம், ஆனால் தளர்ந்த தோலில் சுருக்கம் விழுந்து திருத்த அறுவை தேவைப்படலாம். மூன்றாவதாகக் கேட்டவர் "உங்கள் விருப்பம்" என்றுவிட்டார். முன்-பின் படங்களும் நிறைய பார்த்தாயிற்று, அவற்றில் உணர்ச்சியைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு அதுதான் முக்கியம், விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

வடிகுழாய், இறுக்க உடை, சுமார் 6 வாரம் கனம் தூக்காமல் இருப்பது, இதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன்.

தளர்ந்த தோலோடு காம்பைச் சுற்றி வெட்டும் முறையில் செய்துகொண்டவர்களே, திருத்த அறுவை இல்லாமல் சரியாக வந்ததா?