12 டிகிரி சரிவு, கடலோர வீடு: ஓடா, ஷீட்டா, கான்கிரீட்டா?

வாசல்படி கேட்டது:

ஒற்றைத் தள வீடு, வெளி அளவு 9 மீட்டருக்கு 6 மீட்டர். 230 மி.மீ. செங்கல் சுவர், சுவரின் தலையைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட் இருக்கிறது. மேலே இரு பக்கச் சரிவில் பழைய சிமென்ட் ஷீட். பல இடங்களில் விரிசல் விட்டதால் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இப்போதைய சரிவு 12 டிகிரி. இரும்புப் பர்லின்கள் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) 1.2 மீட்டர் இடைவெளியில் உள்ளன, துரு பெரிதாக இல்லை. கடல் 2 கிலோமீட்டருக்குள். மாடி எடுக்கும் எண்ணம் இல்லை. இறவாணம் நாலு பக்கமும் 60 செ.மீ. வெளியே வர வேண்டும்.

ஓடுதான் குளிர்ச்சி என்கிறார் ஒருவர். கலர் ஷீட் போதும் என்கிறார் இன்னொருவர். ஒரேயடியாகக் கான்கிரீட் போட்டுவிடுங்கள் என்கிறார் மூன்றாமவர். எதை வைத்து முடிவு செய்வது?

ரசமட்டம்:

முதலில் சரிவு, அடுத்து எடை, அதன் பிறகுதான் பொருள். உங்கள் அளவுகளை வைத்தே பார்க்கலாம்.

12 டிகிரி என்றால் ஒரு மீட்டருக்கு 21 செ.மீ. ஏற்றம். மங்களூர் ஓட்டை இந்தச் சரிவில் போடவே கூடாது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருவதால்தான் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கிறது. சரிவு குறைந்தால் ஓட்டம் மெதுவாகி, காற்று அந்த நீரை ஓட்டின் இடுக்கு வழியாக மேல்நோக்கித் தள்ளிவிடும். குறைந்தது 25 டிகிரி வேண்டும். சுவரிலிருந்து முகடு வரை 3 மீட்டர். 12 டிகிரியில் முகடு 64 செ.மீ. உயரத்தில் நிற்கும், 25 டிகிரியில் 1.4 மீட்டர். அதாவது இரு முக்கோணச் சுவர்களையும் 76 செ.மீ. உயர்த்த வேண்டும். 1.2 மீட்டர் பர்லின்களும் பயன்படாது. முகட்டிலிருந்து சரிந்து வரும் கைமரமும், ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பர் சுமார் 32 செ.மீ.க்கு ஒன்றும் புதிதாக வேண்டும். (ரீப்பர் இடைவெளியைக் கையில் உள்ள ஓட்டை அடுக்கி அளந்தே வையுங்கள், சூளைக்குச் சூளை மாறும்.)

இறவாணத்தோடு தரைப்பரப்பு 10.2 × 7.2, அதாவது 73 சதுர மீட்டர். 25 டிகிரியில் கூரைப் பரப்பு 81 ச.மீ. ஆகிறது. ச.மீ.க்கு 15 ஓடு என்றால் 1,215. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 1,280. நனைந்த ஓடு ச.மீ.க்குச் சுமார் 45 கிலோ வரும், மொத்தம் 3.6 டன். அதோடு மரத்தின் எடை வேறு.

கான்கிரீட்: உள்சுவர்கள் தாங்கும்படி அமைந்திருந்து 125 மி.மீ. போதுமென்றே வைத்தாலும் ச.மீ.க்கு 312 கிலோ, மொத்தம் கிட்டத்தட்ட 23 டன். மேலே சரிவுக்கான தளவரிசையும் சேர்ந்தால் 30 டன்னைத் தாண்டும். அஸ்திவாரத்தைச் சோதிக்காமல் யாரும் அதற்குச் சம்மதிக்கக் கூடாது. மாடி எடுக்காத வீட்டுக்கு இந்த எடையை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உப்புக் காற்றில், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் குறைந்த இடமெல்லாம் துருப்பிடித்துப் பெயரும். பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை இரவில் உள்ளே விடுவதும் கான்கிரீட்தான்.

12 டிகிரி அப்படியே இருக்கட்டும் என்றால் உங்களுக்கு உலோக ஷீட்தான். 75 ச.மீ.க்கு எடை 400 கிலோவுக்குள் அடங்கும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த இழை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது. ஷீட்டை நன்றாக நனைத்து, கொக்கி போல்ட்டை வெட்டி, முழு ஷீட்டாகக் கயிற்றில் இறக்குங்கள். உடைக்கவோ, மேலிருந்து எறியவோ, காய்ந்த தூளைப் பெருக்கவோ கூடாது. துணி முகமூடி உதவாது, நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 தர மூச்சுக்கவசம் வேண்டும். இறக்கியதைத் தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி, இத்தகைய கழிவை வாங்க அனுமதி உள்ள இடத்தில் சேர்க்க வேண்டும். விரிசல் விட்ட ஷீட்டில் கால் வைத்தால் ஆள் கீழே வந்துவிடுவார். பர்லின் மேல் பலகை போட்டே நடக்க வேண்டும்.

தகரக்கை:

ஷீட் என்று முடிவானால் வாங்கும்போது இரண்டு எண்கள் கேளுங்கள். ஒன்று, முலாமும் பெயின்ட்டும் சேராத வெறும் இரும்பின் தடிமன். "0.50" என்று சொல்வது பெரும்பாலும் மொத்தத் தடிமன், முலாமுக்கு 0.04, பெயின்ட்டுக்குச் சுமார் 0.03 மி.மீ. போனால் இரும்பு 0.43 தான். உங்கள் பர்லின் இடைவெளிக்கு இரும்பு மட்டும் 0.45-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரண்டாவது, முலாம். 55 சதவீதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் உள்ள அலுசிங்க், இரு பக்கமும் சேர்த்து ச.மீ.க்கு 150 கிராம் இருக்க வேண்டும்.

கடல் இவ்வளவு பக்கத்தில் என்பதால் 0.7 மி.மீ. அலுமினிய ஷீட்டையும் யோசிக்கலாம், உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் அது இரும்புப் பர்லினை நேரடியாகத் தொட்டால், ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும்; இடையில் ரப்பர் நாடா கட்டாயம்.

ஷீட் பறப்பதற்குக் காரணம் எடை குறைவு என்று நினைக்கிறார்கள். கணக்கு வேறு. காற்றழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 144 கி.மீ.யில், ச.மீ.க்கு 960 நியூட்டன், கிட்டத்தட்ட 98 கிலோ. மூலைகளிலும் விளிம்பிலும் மேல்நோக்கிய இழுப்பு இதைவிட அதிகம். இதன் முன்னால் ஷீட்டின் 5 கிலோவும் ஓட்டின் 45 கிலோவும் ஒன்றுதான். பிடிமானம்தான் காக்கிறது: திருகிலிருந்து பர்லினுக்கு, பர்லினிலிருந்து அதைப் பிடிக்கும் இரும்புத் துண்டான கிளீட்டுக்கு, அங்கிருந்து 12 மி.மீ. ஆங்கர் போல்ட் வழியாகக் கான்கிரீட் பெல்ட்டுக்கு. இதில் ஒரு கண்ணி விட்டாலும் கூரை போய்விடும். உங்களுக்குப் பெல்ட் இருப்பது பெரிய வசதி.

திருகு 5.5 மி.மீ., ரப்பர் வாஷரோடு, ஷீட்டின் மடிப்பு மேட்டில் அடிப்பது. முகடு, இறவாணம், இரு ஓரங்கள் ஆகிய இடங்களில் ஒவ்வொரு மேட்டிலும். நடுவில் ஒன்று விட்டு ஒன்று. மொத்தம் 450 வரை ஆகும். ஷீட்டும் ஷீட்டும் சேரும் பக்கவாட்டில் 45 செ.மீ.க்கு ஒரு தையல் திருகு தனி. ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்த வேண்டும். முழுக்க நசுங்கினால் சில கோடைகளில் வெடித்து அந்த ஓட்டையிலேயே ஒழுகும். சாதாரண முலாம் பூசிய மலிவுத் திருகு, ஷீட் நன்றாக இருக்கும்போதே துருவாகக் கரையும்; கடலோரத்துக்கான தடித்த பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

முகட்டிலிருந்து இறவாணம் வரை சரிவு நீளம் 3.68 மீட்டர். பீலிக்குள் (இறவாணத்தில் மழைநீரை வாங்கும் வாய்க்கால்) 5 செ.மீ. விழும்படி 3.75 மீட்டரில் ஒரே துண்டாக வெட்டி வாங்கினால் நடுவில் இணைப்பே வராது. ஒரு மீட்டர் மூடும் ஷீட் என்றால் பக்கத்துக்கு 11, மொத்தம் 22. காற்று அதிகம் அடிக்கும் திசைக்கு எதிர்முனையில் முதல் ஷீட்டைத் தொடங்குங்கள், அப்போது இணைப்பின் வாய் காற்றைப் பார்க்காது.

கூரை மேல் கிரைண்டர் வேண்டாம். பறக்கும் இரும்புப் பொறி பெயின்ட்டில் பதிந்து, ஒரே மழையில் பழுப்புப் புள்ளிகளாக வரும். கத்தரி அல்லது தகட்டைக் கொத்தி வெட்டும் நிப்ளர் போதும். முகட்டில் சிமென்ட் கலவை பூசுவதும் தவறு; அதன் காரத்தன்மை அலுசிங்கைத் தின்றுவிடும்.

வாசல்படி:

ரொம்ப நன்றி. சரிவை மாற்றப் போவதில்லை, ஷீட்தான். சூடும் மழைச் சத்தமும் மட்டும் உறுத்துகிறது. அழகுக்கும் குளிர்ச்சிக்கும் ஷீட் மேல் ஓடு அடுக்கலாம் என்கிறார்களே? பஃப் பேனல் (இரு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்தது) போட்டால் சூடு, சத்தம் இரண்டும் தீருமா?

நிழல்பந்தல்:

பஃப் பேனல் சூட்டுக்கு நல்லது, 50 மி.மீ. போதும். சத்தத்துக்கு அவ்வளவு உதவாது. எடை குறைந்த விறைப்பான நுரை, துளி விழும் அதிர்வைக் கடத்திவிடும். சத்தம் குறைய ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டபடி 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ளது, முலாம் பூசிய கம்பிவலையில் தாங்கி நிற்க வேண்டும். அதன் கீழே 12.5 மி.மீ. ஜிப்சம் உள்கூரை வந்தால் அந்த எடையும் சேர்ந்து சத்தத்தை நன்றாக அடக்கும்.

ராக்வூலின் அடியில் ஃபாயில் ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடுங்கள். இரவில் ஷீட் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும்; உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டால் அடியில் வியர்த்துச் சொட்டும். நனைந்த ராக்வூல் பயனற்றது. ஃபாயிலின் பளபளப்பு கீழே பார்க்க வேண்டும், அதற்குக் கீழே குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளி வேண்டும். மேலே பார்த்தபடி வைத்தால் தூசி படிந்து பலன் குறையும், ஷீட்டை ஒட்டி வைத்தால் பலனே இல்லை.

உள்கூரைக்கு மேலே சூடேறும் காற்று வெளியேற வழி வேண்டும். வீட்டின் 9 × 6, அதாவது 54 ச.மீ. பரப்பில் 150-இல் ஒரு பங்கு, 0.36 ச.மீ. திறப்பு, பாதி இறவாணத்தில், பாதி முக்கோணச் சுவரின் உச்சியில், வலையடித்து. நிறம் வெள்ளை அல்லது வெளிர் நிறம். அடர் சிவப்போ பச்சையோ எடுத்தால், செய்த மற்ற வேலையின் பலனில் ஒரு பகுதி வீணாகும்.

ரசமட்டம்:

ஷீட் மேல் ஓடு கடலோரத்தில் வேண்டாம். ஷீட்டில் படியும் உப்பை மழைதான் கழுவுகிறது. ஓடு மூடினால் உப்பும் ஈரமும் அடியிலேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். 1.2 மீட்டர் பர்லினும் அந்த எடைக்குப் போட்டதல்ல.

இதே காரணத்தால் மழை படாத இறவாணத்தின் அடிப்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை ஹோஸில் பீய்ச்சிக் கழுவுங்கள்.

பீலிக்கும் கணக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கச் சரிவு 37 ச.மீ.; மணிக்கு 150 மி.மீ. மழையில் நொடிக்கு 1.5 லிட்டர் இறங்கும். 10.2 மீட்டர் நீளத்தில் நடுவிலிருந்து இரு முனைக்கும் 200-க்கு 1 சாய்வு, முனைக்கு 25 மி.மீ. இறக்கம். இரு முனையிலும் 100 மி.மீ. குழாய் வையுங்கள், ஒன்று இலையால் அடைத்தாலும் மற்றது பெருமளவு தண்ணீரை வாங்கிக்கொள்ளும். பீலியின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட 10 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும். நிரம்பினால் தண்ணீர் வெளியே கொட்டும், சுவர்ப் பக்கம் திரும்பாது.