ஸ்ட்ராட் கிட்டார் சேடில்: பித்தளையா, ஸ்டீலா, கிராஃபைட்டா?

முத்தியால்பேட்டை ஸ்ட்ராட்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) மாடலில் செய்த விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்கிறேன், அவ்வப்போது கல்யாண ரிசப்ஷனும் உண்டு. வீடு கடலுக்குப் பக்கம். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் குட்டி உலோகத் துண்டுகளான சேடில்களின் முலாம் உரிந்து சொரசொரப்பாகிவிட்டது. முதல் கம்பி அடிக்கடி சேடில் கிட்டேயே அறுகிறது. சத்தமும் மந்தமாக இருக்கிறது. பித்தளை போட்டால் இனிமை என்கிறார்கள், டைட்டானியம் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்கிறார்கள். உண்மையிலேயே காதுக்குத் தெரியுமா? பட்ஜெட் குறைவு. எதை வாங்கலாம்?

வில்லியனூர் டெலி:

பித்தளைதான், யோசிக்கவே வேண்டாம். என் டெலிகாஸ்டரில் (ஃபெண்டரின் இன்னொரு மாடல், சுருக்கமாக டெலி) அதுதான் இருக்கிறது. சத்தம் தடிமனாக வரும்.

திருப்பாதிரிப்புலியூர் மெல்லிசை:

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஒவ்வொரு சேடிலிலும் உயரம் கூட்டிக் குறைக்க இரண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். நம் பக்கத்து உப்புக்காற்றில் முதலில் போவது அதுதான். ஒன்று துருவேறி இறுகி, மற்றது தொளதொளத்து நின்றால் சேடில் ஒற்றைக்காலில் நிற்கிறது என்று அர்த்தம். அப்படி நிற்கும் சேடில் தங்கமாக இருந்தாலும் கம்பியின் அதிர்வைத் தின்றுவிடும். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ரிப்பேருக்கு வரும் கிட்டார்களில் பல சமயம் ஸ்க்ரூவைத் திருப்பும் ஆலன் கீயே உள்ளே இறங்காது, ஓட்டை முழுக்கத் துருப்பொடி. உங்கள் மந்தத்துக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். அடுத்தது பழைய கம்பி.

இனி உலோகத்துக்கு வருவோம். எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் கவனிப்பது கம்பியின் அசைவை. காந்தத்துக்கு மேலே கம்பி ஆடுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சேடிலால் அந்த ஆட்டத்தில் எதையும் கூட்ட முடியாது, கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளத்தான் முடியும். கெட்டியாக, அசையாமல் உட்கார்ந்த சேடில் அதிர்வின் பெரும்பகுதியைக் கம்பிக்கே திருப்பிவிடும். மெத்தென்ற பொருள் மேல்சுரங்களை (அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த சுரங்களை) முதலில் விழுங்கும். 1960-களில் கிப்சன் சில கிட்டார்களில் நைலான் சேடில் போட்டது, அதில் பிக் (கம்பியை மீட்டும் வில்லை) படும் ஓசையின் முனை மழுங்கித்தான் இருக்கும்.

எடையை எடுத்துக்கொண்டால் ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் 8.5 கிராம், எஃகு 7.8, மலிவு கிட்டார்களில் வார்த்துப் போடும் துத்தநாகக் கலவை 6.6 வாக்கில், டைட்டானியம் 4.5. பித்தளையும் டைட்டானியமும் இரண்டு கோடியில் நிற்கின்றன. ஆனால் விளம்பரத்தில் இரண்டுமே 'நீண்ட நேரம் ஒலிக்கும்'. இதைப் படித்தபிறகு விளம்பரத்தைப் படிப்பதை விட்டுவிட்டேன்.

வில்லியனூர் நண்பர் காதில் கேட்பதை நான் மறுக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டரில் மூன்றே பித்தளை உருளைகள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கம்பி. இரண்டின் அழுத்தமும் ஒரே உருளையில் இறங்குவதால் அது தகட்டில் நன்றாக அழுந்தி உட்காரும். அந்தப் பெயரைப் பித்தளை தட்டிக்கொண்டு போய்விட்டது என்பது என் கணிப்பு. அதே பத்தாண்டிலேயே ஃபெண்டர் டெலியை எஃகுக்கு மாற்றியது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டிலோ எஃகுத் தகட்டை வளைத்துச் செய்த ஆறு சேடில்கள். இரண்டு காலத்து டெலிக்கும் இன்றுவரை ரசிகர்கள் இருக்கிறார்கள்.

காதுக்குத் தெரியுமா என்றால், தெரியும். வீட்டில், ஆம்பை க்ளீனாக வைத்து, பிரிட்ஜ் பிக்கப்பில், பிக் பட்ட அந்த முதல் கணத்தில் தெரியும். ரிசப்ஷனில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தபிறகு பந்தியில் பாயசம் ஊற்றுகிறவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் கீபோர்டுக்காரருக்கும் தெரியாது. டோன் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் வரும் மாற்றம் இதைவிடப் பெரிது.

கம்பி அறுவது வேறு விஷயம். அறுந்த முனையைச் சேடிலோடு வைத்துப் பாருங்கள். கம்பி மடங்கும் இடத்திலேயே அறுந்திருந்தால் அங்கே பிசிறு இருக்கிறது. 1000 நம்பர் எமரி பேப்பரை மெல்லிய சுருளாக்கி அந்த இடத்தை நீவிவிட்டு, பென்சில் கரியைத் தடவுங்கள். கிராஃபைட் கலந்த சேடில் வழுக்கும் என்பதால் அறுவது குறையும், பதிலுக்குச் சத்தத்தின் கூர்மை கொஞ்சம் போகலாம்.

கடலோரத்துக்கு என் ஓட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு. பித்தளை எஃகைப்போலத் துருப்பிடிக்காது, களிம்புதான் ஏறும். ஆனால் பித்தளையில் சாதா இரும்பு ஸ்க்ரூ மாட்டினால் உப்பு ஈரத்தில் அந்த ஸ்க்ரூ சீக்கிரம் அரித்துப்போகும். பித்தளைதான் வேண்டும் என்றால் ஸ்க்ரூவையாவது ஸ்டெயின்லெஸ்ஸாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது இருப்பது என்ன உலோகம் என்று தெரிய, காந்தம் வைத்துப் பாருங்கள், அடியில் அரத்தால் லேசாகக் கீறியும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே சேடிலில் எத்தனை மில்லிமீட்டர் என்றும் அளந்து சொல்லுங்கள். பழைய மாடலில் 56 சொச்சம், புதியவற்றில் 52 சொச்சம். இதை அளக்காமல் வாங்கினால் சேடில்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காராது.

அரியாங்குப்பம் வீணை:

நடுவில் வீணைக்காரி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீணைக் குதிரையின் (உங்கள் பிரிட்ஜ் மாதிரி) மேலே ஒரு உலோகத் தகடு உண்டு. அதைக் கழற்றித் திரும்பப் பதிக்கும்போது சரிவு ஒரு மயிரிழை மாறினாலும் நாதம் மாறிவிடும். உலோகம் அதேதான், வடிவம்தான் வேறு. சி.வி. ராமன் 1921-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மேல்சுரத்தின் கணுவில், அதாவது அந்த மேல்சுரத்துக்குக் கம்பி அசையாத புள்ளியில், மீட்டினால் அந்த மேல்சுரம் கேட்கக்கூடாது என்பது விதி. வீணையிலும் தம்புராவிலும் அது கேட்கிறது. காரணம், குதிரையின் வளைந்த மேற்பரப்பில் கம்பி தொட்டுத் தொட்டு விலகுவது. எங்களுக்கு வேண்டிய அந்த ரீங்காரம் கிட்டாருக்கு வேண்டாத இரைச்சல். சேடிலின் உச்சி தேய்ந்து தட்டையாகியிருந்தால் சத்தம் கலங்கும், அதையும் பாருங்கள்.

முத்தியால்பேட்டை ஸ்ட்ராட்:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. காந்தம் ஒட்டவில்லை. கீறினால் சாம்பல் நிறம், அப்போது துத்தநாகம்தான். மூன்று ஸ்க்ரூ அசையவே மாட்டேன் என்கிறது. முதல் சேடிலில் நகத்தை ஓட்டினால் சிக்குகிறது. அளவு 52.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் செட் தேடுகிறேன். இன்னொரு யோசனை, லேத் பட்டறையில் கொடுத்துப் பித்தளையில் செய்து வாங்கினால் மலிவாக இருக்குமா?

திருப்பாதிரிப்புலியூர் மெல்லிசை:

டெலி உருளை என்றால் லேத்காரர் டீ ஆறுவதற்குள் கடைந்து கொடுத்துவிடுவார். உங்களுடையது கட்டியாக வார்த்த சேடில். அதற்கு மில்லிங் வேண்டும், குட்டி ஓட்டைகளில் மரை போடவேண்டும், ஆறும் ஒரே அளவில் வரவேண்டும். கூலியைக் கூட்டினால் கடைச் செட்டே மலிவு.

வந்ததும் ஒவ்வொரு சேடிலாகவே மாற்றுங்கள். ஆறு கம்பியையும் ஒன்றாகக் கழற்றினால் பின்னால் இருக்கும் டிரெமோலோ (கைப்பிடியால் சுருதியை அசைக்கும் அமைப்பு) ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்துவிடும், அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செட் செய்யவேண்டும். 12-வது ஃப்ரெட்டை அழுத்தி வாசித்துப் பாருங்கள். அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக்கைவிடச் சுருதி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்க்ரூ மரையில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டுங்கள்.