300 கி.மீ. பிஆர்எம்: காலையிலேயே விரட்டி நேரம் சேர்ப்பதா, முதலிலிருந்தே அடக்கி ஓட்டுவதா?

அடையாறு பெடல்

எல்லோருக்கும் வணக்கம். பிஆர்எம்மில் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) 200 கி.மீ. முடித்துவிட்டேன், அடுத்தது 300. மார்ச்சில் திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரி போய்த் திரும்பும் பாதை. காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும், மொத்தம் 20 மணி நேரம். அதாவது இரவு 1 மணிக்குள் முடிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் மூத்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "வெயில் ஏறுவதற்குள் பாண்டியைத் தொட்டுவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் ஒருவர். "முதல் 100 கி.மீ.யில் மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் போனால் திரும்பி வரும்போது அழுவாய்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே பலமுறை முடித்தவர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?

விடியல் ரைடர்

முதலாமவர் பேச்சைக் கேளுங்கள் தம்பி. நம் ஊரில் பத்து மணிக்கு முன் ஓட்டும் கிலோமீட்டர் வேறு, பத்து மணிக்குப் பின் ஓட்டும் கிலோமீட்டர் வேறு. காலை 6 மணி வாக்கில் கோவளம் பக்கம் சாலை காலியாக இருக்கும், காற்று அடங்கியிருக்கும், உடம்பு குளிர்ச்சியாக இருக்கும். அந்த நேரத்தில் 28 வருகிறதென்றால் அதை 24க்கு இறக்குவானேன்?

கணக்கு இதுதான். 150 கி.மீ.யை 28ல் ஓட்டினால் 5 மணி 20 நிமிடம். நடுவில் அரை மணி நேரம் நிறுத்தினாலும் 11 மணிக்குப் பாண்டி. சாப்பிட்டுவிட்டு நிழலில் இரண்டரை மணி வரை படுத்துவிடலாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். திரும்பும் வழியில் பக்கவாட்டிலிருந்து அடித்தாலும் கொஞ்சம் தள்ளிவிடும். அடக்கி ஓட்டுபவர் அதே 11 மணிக்கு எங்கே இருப்பார்? மரக்காணம் உப்பளத்துப் பக்கம், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில்.

இன்னொன்று, பங்க்சர் ஆகலாம், செயின் அறுந்து போகலாம். கையில் நேரம் இருப்பவன் பதறாமல் சரி செய்வான். நேரம் இல்லாதவன் டியூபைக் கிள்ளி மாட்டி இரண்டாவது முறையும் பங்க்சர் ஆக்கிக்கொள்வான்.

மரக்காணம் மைல்கல்

உப்பளத்து வெயில் எனக்கும் தெரியும் அண்ணா, பெயரிலேயே வைத்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் கணக்கில் பாதிதான் வந்திருக்கிறது.

150 கி.மீ.யை 24ல் ஓட்டினால் 6 மணி 15 நிமிடம், 28ல் ஓட்டினால் 5 மணி 20 நிமிடம். மிச்சமாவது ஒரு மணி நேரம்கூட இல்லை. இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 24லிருந்து 28க்குப் போவது வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான் அதிகம். காற்றோடு போராடும் உழைப்போ ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். அதை ஐந்து மணி நேரம் விடாமல் செலுத்துகிறீர்கள். திரும்பி வரும்போது அதே கால்களை வைத்துத்தான் இன்னும் 150 ஓட்ட வேண்டும்.

அடையாறு, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். 300 கி.மீ.யை 22 சராசரியில் ஓட்டினால் சக்கரம் சுழலும் நேரம் பதின்மூன்றரை மணியைச் சற்றுத் தாண்டும். உங்களிடம் இருப்பது 20. மீதி ஆறு மணி நேரத்துக்கு மேல். இந்த நேரத்தை யாரும் சாலையில் தொலைப்பதில்லை, கன்ட்ரோலில்தான் (வழியில் ஸ்டாம்ப் வாங்க நிற்க வேண்டிய இடம்) தொலைக்கிறார்கள். ஒரு நிறுத்தத்தில் நின்று பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பார், கிளவுஸைத் தேடுவார், போனை சார்ஜில் போடுவார், டிபன் ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கவில்லை என்று ஞாபகம் வரும், ஸ்டாம்ப் வாங்கியதும் ஒரு போட்டோ. முக்கால் மணி நேரம் போயிருக்கும். காலையில் நெஞ்சு வெடிக்கச் சேர்த்த 55 நிமிடத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். போர்டில் மெனு படிக்காமல் இட்லி வாங்குங்கள், சாப்பிடும்போதே பாட்டில் நிரம்பட்டும். நேரம் சேர்க்க வேண்டிய இடம் அதுதான்.

விடியல் ரைடர்

நீங்கள் தனியாக ஓட்டுபவனுக்குக் கணக்குப் போடுகிறீர்கள். முதல் 50 கி.மீ. யாரும் தனியாக ஓட்டுவதில்லை. பத்துப் பேர் கூட்டத்தின் வாலில் உட்கார்ந்தால் உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சம். 28 என்பது கூட்டத்தில் 24 போலத்தான் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரம் எந்த ஒரு மணி நேரம் என்பதையும் பாருங்கள். நான் மிச்சப்படுத்துவது பகல் 11லிருந்து 12 வரை. அதைப் போய் காலை 6லிருந்து 7 வரைக்குச் சமமாக வைக்கலாமா?

செவிலி சைக்கிள்

இரண்டு பேரும் கால்களையும் கடிகாரத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். வயிற்றைப் பற்றி யாருமே பேசவில்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், பிஆர்எம் கன்ட்ரோலில் உதவிக்கும் நின்றிருக்கிறேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

பாண்டி கன்ட்ரோலுக்கு ஒரு பையன் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தான். ஆள் நல்ல உடம்பு. தட்டில் நான்கு இட்லி. ஒரு துண்டைப் பிட்டு சாம்பாரில் நன்றாகக் குழைத்து வாயில் வைத்தான், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான், விழுங்கவே முடியவில்லை. தண்ணீரை ஊற்றித் தள்ளினான். அடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஜெர்ஸி முழுக்க உப்புக் கோடு. கால் வலிக்கவில்லை என்றுதான் சொன்னான். ஆனால் அவனால் அதற்கு மேல் போக முடியவில்லை.

உள்ளே நடப்பது என்னவென்றால், வெயிலில் கடுமையாக மிதிக்கும்போது தசைக்கும் ரத்தம் வேண்டும், உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். அதனால் குடலுக்குப் போவது குறைந்துவிடும். அப்போது எதைச் சாப்பிட்டாலும் அப்படியே நிற்கும், குமட்டும். உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், சுமார் 400, 500 கிராம்தான், கலோரியில் கிட்டத்தட்ட 2000. கடுமையாக மிதிக்க மிதிக்க அது வேகமாகக் காலியாகும், நிதானமாகப் போனால் கொழுப்பும் கைகொடுக்கும். 300 கி.மீ.க்குச் சேமிப்பு மட்டும் போதவே போதாது, வழியெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பெரிய வாழைப்பழம் அளவு.

அதனால் என் அளவுகோல் இதுதான். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் நீங்கள் போகும் வேகத்தில் உங்கள் வயிறு வேலை செய்யாது. மணி காலை 6 ஆனாலும் இதேதான்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கினால் ஆபத்து. ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கொங்கு கியர்

கோவைக்காரன் ஒரு வார்த்தை சொல்லட்டுமா? எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தென்மேற்குப் பருவத்தில் மேற்கே போனால் உயிரைக் கொடுத்தாலும் 18தான், திரும்பும்போது சும்மா உட்கார்ந்தாலே 32. அதனால் வேகத்தைப் பார்த்து ஓட்டும் பழக்கமே எங்கள் பக்கம் ஒட்டவில்லை. உழைப்பைத்தான் பார்ப்போம். எதிர்காற்றில் ஒரு பிடி கூட, பின்காற்றில் ஒரு பிடி குறைய. எதிர்காற்றில்தான் அதிக நேரம் கழிக்கிறோம், அதனால் அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் மொத்த நேரம் குறையும். பின்காற்றில் கொடுக்கும் கூடுதல் மிதிக்குப் பெரிய பலன் இல்லை.

உங்கள் ஈசிஆரிலும் இது உண்டு. ஜனவரியில் வடகிழக்குக் காற்று பாண்டி வரை முதுகில் தள்ளிக்கொண்டு போகும். 31, 32 என்று மீட்டர் காட்டும்போது, கால் இன்று பிரமாதம் என்று நினைத்து இன்னும் மிதிப்பார்கள். பாண்டியில் சைக்கிளைத் திருப்பிய பிறகு அந்தக் காற்று முழுக்க முகத்தில். 120வது கி.மீ.யில் செய்ததற்கு 220வது கி.மீ.யில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விடியல் ரைடர்

சரி, உழைப்புத்தான் அளவு என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் நான் சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேருவீர்கள்.

ஹார்ட் ரேட் 140ஐத் தாண்டக் கூடாது என்று ஒருவர் வைத்துக்கொள்கிறார். காலை 6 மணிக்கு அந்த 140ல் அவருக்கு 27 வருகிறது. பகல் 12 மணிக்கு என்ன ஆகும்? உடம்பு சூடேறி, வியர்வையில் நீர் இறங்கி, அதே மிதிக்கு இதயம் 150, 155 அடிக்கும். 140க்குள் இருக்க வேண்டுமானால் வேகத்தை 21க்கு இறக்கியாக வேண்டும். ஆக, உழைப்பைச் சீராக வைத்தால் வேகம் காலையில் தானாகக் கூடும், மதியம் தானாகக் குறையும். "முதல் 100ல் 24க்கு மேல் போகாதே" என்ற விதி எங்கிருந்து வந்தது? காலையில் எளிதாக வரும் 27ஐத் தடுத்து வைத்துவிட்டு, மதியம் வெயிலில் 24ஐப் பிடிக்கச் சொல்வதுதான் உடம்பை உடைக்கும்.

மரக்காணம் மைல்கல்

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. மதியம் வேகம் இறங்குவதுதான் சரியான ஓட்டம். 24 என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு எண்ணை எழுதி வைப்பதும் தப்புத்தான்.

ஆனால் நீங்கள் 28 என்ற எண்ணை முதலில் எழுதிவிட்டு அதற்கு மூச்சைத் தேடினீர்கள். அடையாறு மூச்சை முதலில் பார்க்கட்டும், எந்த எண் வருகிறதோ வரட்டும். அவருக்கு அது 25 ஆக இருக்கலாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் மூச்சும் சரியாகக் காட்டாது என்பது இன்னொரு சிக்கல். இருட்டு, கூட்டம், எல்லோர் சைக்கிளிலும் சிவப்பு விளக்கு, முந்தின நாள் ஓய்வு. எல்லாம் சேர்ந்து எந்த வேகமும் சுலபமாகத் தெரியும். அதனால் மாமல்லபுரம் வரை உங்களுக்குச் சரி என்று படுவதைவிட ஒரு கியர் இலகுவாகவே வையுங்கள். கூட்டத்தில் ஓட்டினால் உழைப்பு மிச்சம் என்பதும் முழு உண்மை இல்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்குப் பிறகும் முன்னால் இருப்பவர் எழுந்து மிதிப்பார், வாலில் இருப்பவர் இடைவெளியை மூடப் பாய வேண்டும். சராசரி குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கால்களைத் தின்பது அந்தப் பாய்ச்சல்கள்.

பாண்டியில் மூன்று மணி நேரம் படுப்பதையும் நான் ஏற்கவில்லை. இரண்டரைக்குக் கிளம்பினால் கடைசி 50 கி.மீ. இரவு எட்டு மணிக்கு மேல்தான் வரும். வார இறுதி இரவில் ஈசிஆரில் ரிசார்ட்டிலிருந்து திரும்பும் கார்கள் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். களைத்த கண்ணோடு அங்கே ஓட்டாதீர்கள். 12 மணிக்குச் சேர்ந்து 1 மணிக்குக் கிளம்பி, 18, 19 என்று மெதுவாகவே உருட்டினாலும் ஒன்பதரைக்குள் வீடு.

செவிலி சைக்கிள்

இந்த இடத்தில் நான் விடியல் அண்ணன் பக்கம். 1 மணி வெயிலில் மெதுவாக உருட்டினாலும் அது வெயில்தான், வேகம் குறைந்தால் மேலே படும் காற்றும் குறையும். 12லிருந்து 2 வரை நிழல் கட்டாயம். கழுத்திலும் கையிலும் தண்ணீர் ஊற்றி, தயிர் சாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒன்றுக்குப் போன பிறகு கிளம்புங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் உட்காருங்கள். தலை சுற்றல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பு, பேச்சுக் குழறல், இதில் ஒன்று வந்தாலும் சைக்கிளை வண்டியில் ஏற்றிவிட்டு உடனே உதவி கேளுங்கள். 300 அடுத்த மாதமும் நடக்கும்.

இரவு சாலை பற்றி மைல்கல் சொன்னது சரி. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும், ஒன்றுக்கு இரண்டாகப் பின் விளக்கும் இல்லாமல் போகாதீர்கள்.

அடையாறு பெடல்

நன்றி. இப்போது எனக்கு ஒரு உருவம் கிடைக்கிறது. மாமல்லபுரம் வரை பேசிக்கொண்டே போகும் வேகம், மீட்டரைப் பார்க்க மாட்டேன். அங்கிருந்து 10 மணி வரை மூச்சு அனுமதிக்கும் அளவுக்கு. 100வது கி.மீ. கன்ட்ரோல் 11:40க்கும், பாண்டி பிற்பகல் 3 மணிக்கும்தான் மூடும் என்பதால் அவசரம் இல்லை. பாண்டியில் இரண்டு மணி வரை நிழல்.

ஒரே ஒரு சந்தேகம். முன்னால் போகும் கூட்டம் 32ல் விரட்டினால் விட்டுவிடுவதா? இருட்டில் தனியாக மாட்டிக்கொள்வோமோ என்று பயம்.

விடியல் ரைடர்

விட்டுவிடுங்கள். நான் காலையில் ஓட்டச் சொல்வது உங்கள் வேகத்தில், அவர்கள் வேகத்தில் இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்தால் பின்னாலிருந்து 26ல் ஒரு கூட்டம் வரும், அதில் சேர்ந்துகொள்ளுங்கள். மீட்டரைப் பார்க்காமல் ஓட்டுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 9 மணிக்கு எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவர் 11 மணிக்கு எங்கே நிழல் தேடுவார்?

மரக்காணம் மைல்கல்

மீட்டரில் வேகத்தை மறைத்துவிட்டு நேரத்தையும் தூரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடியல் அண்ணன் கேட்பதும் கிடைக்கும், 32ஐப் பார்த்து மனம் அலையவும் அலையாது. அந்த 26 கூட்டத்திலும் மரியாதைக்காக முன்னால் போய் இழுக்காதீர்கள். "முதல் 300, பின்னாலேயே வருகிறேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.